உறுதியினும் உயிர் பெரிது

தீ என்ற சொல்லைக் கேட்டவுடன் இந்நாட்டுத் தமிழ் பேசும் மக்களின் உள்ளத்தில் எழும் நினைவுகள் கொடியவை. 1981-ஆம் ஆண்டில் 97,000 நூல்களுடன் சாம்பரான யாழ்ப்பாணப் பொது நூலகம் நினைவுக்கு வரும். 1983-ஆம் ஆண்டு ஆடி மாதத்திற் கொளுத்தப்பட்ட வீடுகளும் கடைகளும் நினைவுக்கு வரும். அவை பிறர் கை வைத்த தீ. அத்தீக்கு நீதி கேட்பது எமது கடமை. அக்கடமையிலிருந்து நாம் என்றும் விலகோம். ஆயினும் இன்று நாம் எழுத முற்படுவது எவரும் வேண்டுமென்று வைக்காத தீயைப் பற்றி. அடுப்படியிலும், விளக்கிலும், மின்கம்பியிலும், நுளம்புச் சுருளிலும் பிறந்து, உறங்கும் குடும்பத்தை அழிக்கும் வீட்டுத் தீயைப் பற்றி.

அரசியற் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். ஒரு கமக்காரன் எரியும் வீட்டிலிருந்து வெளியே வந்தபின் மீண்டும் உள்ளே ஓடுகிறான் என்றால், அவன் எதை எடுக்க ஓடுகிறான், ஏன் ஓடுகிறான் என்று கேட்டுப் பாருங்கள். அரசியல் எங்கே இருக்கிறது என்பது அப்போது விளங்கும்.

சொறிக்கல்முனையை எடுத்துக் கொள்வோம். நாவிதன்வெளிப் பகுதியில், வயலும் நீரும் சூழ அமைந்த கிராமம் அது. திருச்சிலுவைத் திருத்தலத்தின் பெருவிழாவுக்காக ஆண்டுதோறும் புரட்டாதி மாதத்தில் அம்மதத்தினர் கூடும் ஊர். மற்றை நாட்களில் வயலே அவ்வூரின் வாழ்வு. அங்கே ஒரு வீட்டை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். கச்சான் காற்று வீசும் காலம். கிடுகும் வேலியும் காய்ந்து கிடக்கின்றன. முற்றத்தில் வைக்கோற் போர். வயலுக்குத் தெளிக்கும் இயந்திரத்துக்கு வேண்டிய எரிபொருள் ஒரு கலனில், பின் விறாந்தையில். யானையை விரட்டுவதற்கென வாங்கி வைத்த யானை வெடிகள் உள்ளறையில், அலுமாரியின் மேல். இரவில் அடுப்படியில் ஒரு பொறி. நள்ளிரவில் வீட்டார் விழிக்கும்போது கூரை எரிகிறது.

தீயணைப்பு வண்டி நிற்கும் இடம் நகரம். எரியும் வீடு இருக்கும் இடம் கிராமம். கல்முனையிலிருந்து இப்பகுதிக்கு வரும் வழி கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து வருகிறது. மாரி வெள்ளம் அத்தாம்போதியை மேவிப் பாய, போக்குவரத்து அறுந்த நாட்கள் ஒன்றிரண்டல்ல. பாதை திறந்திருக்கும் நல்ல நாளிலுங்கூட, அழைப்புப் போய், வண்டி புறப்பட்டு, ஒழுங்கை கண்டுபிடித்து வந்து சேர்வதற்குள் ஓலைக் கூரையின் கதை முடிந்துவிடும். ஆகவே கிராமத்து வீட்டில் உயிரைக் காப்பது முதற் சில நிமிடங்களில் வீட்டார் செய்வதும் செய்யாது விடுவதுமே. இது கசப்பான உண்மை. ஆனால் அறிந்தே ஆகவேண்டிய உண்மை.

அச்சில நிமிடங்களும் முன்னைய காலத்து நிமிடங்கள் அல்ல. எமது பாட்டன்மார் மரக்கட்டிலிற் பாய் விரித்துப் படுத்தனர். இன்று வீட்டில் இருப்பது நுரை மெத்தை, பிளாஸ்டிக் கதிரை, நைலோன் நுளம்பு வலை, பொலியெஸ்டர்த் திரைச்சீலை. இவை எண்ணெயில் இருந்து பிறந்தவை. எண்ணெயைப் போலவே எரிபவை. இன்றைய தளபாடங்கள் நிறைந்த அறை ஒன்று, தீப்பிடித்து ஐந்து நிமிடங்களுக்குள் முழுமையாகத் தீப்பற்றக் கூடும் என்பதை அமெரிக்காவில் நடந்த பரிசோதனைகள் காட்டியுள்ளன. பழைய மரத் தளபாடங்கள் நிறைந்த அறையோ அந்நிலையை அடைய அதைப்போல் பல மடங்கு நேரம் எடுத்தது. பாட்டன் காலத்தில் பெட்டகத்தைத் தூக்கி வெளியே வைக்க நேரம் இருந்தது. எமக்கு இல்லை.

இன்னொன்றையும் அறிதல் வேண்டும். வீட்டுத் தீயில் இறப்போரிற் பெரும்பாலோரைக் கொல்வது சுவாலை அன்று, புகை. காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது இரத்தத்திற் கலந்து அறிவை மயக்கும். எரியும் நுரை மெத்தையிலிருந்து ஐதரசன் சயனைட்டு என்னும் கொடிய நஞ்சும் எழும். நான்கு மூச்சு உள்ளே இழுத்தவன், தான் எந்தக் கதவை நோக்கிப் போனான் என்பதையே மறந்து விடுவான். ஈரத் துணியை முகத்திற் கட்டிக் கொண்டால் உள்ளே போகலாம் என்று எண்ணுவோர் உளர். ஈரத் துணி கரியைத் தடுக்கும், நஞ்சைத் தடுக்காது. அதை நம்பி உள்ளே போனவன் திரும்புவான் என்பதற்கு உறுதி இல்லை.

எனின் செய்யவேண்டியது யாது? விழித்தவுடன் எல்லோரையும் உரத்த குரலில் எழுப்புங்கள். குழந்தையையும் முதியவரையும் யார் தூக்குவது என்பதை அந்நேரத்தில் முடிவு செய்ய இயலாது. முன்னரே முடிவு செய்து வைத்திருங்கள். புகை மேலே நிற்கும், நல்ல காற்று நிலத்தை ஒட்டி நிற்கும். ஆகவே குனிந்தும் தவழ்ந்தும் வெளியேறுங்கள். மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அதற்கு அப்பால் தீ நிற்கிறது. வேறு வழியை நாடுங்கள். வெளியேறும்போது கதவுகளைச் சாத்திக் கொண்டே செல்லுங்கள்; சாத்திய கதவு தீக்குக் காற்றைக் கொடாது. முற்றத்து மாமரத்தடியோ, படலையடியோ, எல்லோரும் கூடும் இடம் ஒன்று முன்னரே குறிக்கப்பட்டிருக்கட்டும். அங்கே தலைகளை எண்ணுங்கள். எண்ணாத காரணத்தால், வெளியே நிற்கும் பிள்ளையைத் தேடி உள்ளே ஓடித் தந்தை இறப்பது எவ்வளவு பெரிய அவலம்!

உடுத்த துணியில் தீப்பற்றினால் ஓடாதீர்கள். ஓட்டம் தீயை வளர்க்கும். நின்று, நிலத்தில் விழுந்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருளுங்கள். தாச்சியில் எண்ணெய் தீப்பிடித்தால் ஒரு சொட்டு நீரும் ஊற்றாதீர்கள். நீர் எண்ணெயின் அடியிற் சென்று, கொதித்து ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, ஆறும்வரை திறவாது விடுங்கள். மின்சாரத்தால் எழுந்த தீயாயின், கைக்கெட்டுமானால் பிரதான ஆளியை முதலில் நிறுத்துங்கள். அதற்கு முன் நீர் ஊற்றுபவன் மின்சாரத்தைத் தன்மேல் அழைப்பவன். ஒரு வாளி மண்ணாலோ ஒரு சாக்காலோ அடங்கக்கூடிய சிறு தீயை, வாயில் உமக்குப் பின்னால் இருக்குமாறு நின்று அணைக்க முயலலாம். அடங்கவில்லையா? விட்டுவிட்டு வெளியேறுங்கள். வீட்டோடு போராடி வென்றவர் சிலர், தோற்றவர் பலர்.

வாயிலைப் பற்றி ஒரு சொல். தமிழகத்தில் 2004-ஆம் ஆண்டு சனவரி 23-ஆம் நாள் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் ஓலைப் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு சூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில், சமையற்கட்டில் எழுந்த தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலி கொண்டது. இரு இடங்களிலும் ஓலை எரிந்தது உண்மை. ஆனால் அத்தனை உயிர்கள் போனதற்கு ஓலை மாத்திரம் காரணம் அன்று. வெளியேறும் வழி ஒடுங்கியிருந்தது. இன்று எமது வீடுகளைப் பாருங்கள். கள்வருக்கு அஞ்சி யன்னல்கள் எல்லாவற்றுக்கும் இரும்புக் கம்பி, உட்கதவுக்குப் பூட்டு, சாவி தலையணையின் கீழோ எவருக்கும் தெரியாத இடத்திலோ. கள்வனைத் தடுக்கும் கம்பி பிள்ளையையும் தடுக்கும். உறங்கும் அறை ஒவ்வொன்றிலும் உள்ளிருந்து திறக்கக்கூடிய யன்னல் ஒன்றாவது இருக்கட்டும். சாவி இரவில் கதவருகே, சிறுவனுக்கும் எட்டும் ஆணியில் தொங்கட்டும்.

இனி, நாம் தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு வருவோம். வெளியே வந்தவன் ஏன் மீண்டும் உள்ளே ஓடுகிறான்?

நகைக்காக ஓடுவோர் உளர். ஆனால் எமது பகுதிகளில் அலுமாரியின் அடித்தட்டில், பழைய பிஸ்கற் தகரப் பெட்டியில் இருக்கும் பொருள் வேறு. காணி உறுதி, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு. வீடு எரிந்தால் மீண்டும் கட்டலாம்; கடிதம் எரிந்தால் காணி போய்விடும் என்று எமது கமக்காரன் அஞ்சுகிறான். அவ்வச்சம் வீணானது என்று நாம் சொல்ல முடியுமா? 1949-இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிய காலந்தொட்டு இம்மாவட்டத்திற் காணி என்பது வெறும் மண் அன்று, இருப்பின் சான்று. போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ குடும்பங்கள் உறுதியும் அனுமதிப்பத்திரமும் இழந்து, தாம் பிறந்த நிலத்தைத் தமது என்று நிறுவுவதற்கு அலுவலகப் படிகளை ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கின. கடிதம் ஒன்றைக் கேட்டு மனிதனை அலைக்கழிக்கும் ஆட்சி, அம்மனிதனைத் தீக்குள் தள்ளும் கைகளுள் ஒன்றாகிறது. இதனை நாம் தயங்காது சொல்லுவோம்.

ஆயினும், அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதற்காக உயிரைக் கொடுக்கலாமா? ஒருபோதும் இல்லை. உறுதி எரிந்தால் உரிமை எரிவதில்லை. நொத்தாரிசு எழுதும் உறுதி ஒன்றேயன்று. மூலம் உரியவரிடம் இருக்கும். ஒரு படி நொத்தாரிசிடம் இருக்கும். இன்னொரு படி காணிப் பதிவகத்துக்குச் செல்லும். உறுதி பதிவாகியிருப்பின், பதிவகத்திலிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெற்றுக் கொள்ளலாம். அனுமதிப்பத்திரத்தின் விபரம் பிரதேச செயலகத்துப் பேரேட்டில் இருக்கும். அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தர் ஊடாக மீண்டும் விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் பிரதியும் அவ்வாறே கிடைக்கும். இவை அலைச்சல் தரும், ஆனால் கிடைக்கும். போன உயிருக்குப் பிரதி கொடுக்கும் பதிவகம் எங்கும் இல்லை.

ஆகவே செய்யவேண்டியது தெளிவு. பத்திரங்களைப் படியெடுத்து வேறூரில் உள்ள உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வெளியூரிலோ வெளிநாட்டிலோ உள்ள பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதி அயலவர் வீட்டில் வையுங்கள். பதிவு செய்யாத உறுதி இருப்பின் இம்மாதமே பதிவு செய்யுங்கள். இவ்வளவும் செய்தவன், தீயின் முன் நிற்கும்போது பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. எமது ஊர்களில் உள்ள ஆசிரியரும், சட்டத்தரணியும், எழுதுவினைஞரும் இப்பணியில் எழுத்தறிவு குன்றிய முதியோருக்குத் துணை நிற்றல் வேண்டும். ஒரு பின்னேரம் போதும்.

தீ எழும் இடங்களையும் சுருக்கமாகப் பார்ப்போம். மண்ணெண்ணெய் நிரப்பிய குப்பி விளக்கு இந்நாட்டின் ஏழை வீடுகளில் எத்தனையோ பெண்களையும் குழந்தைகளையும் எரித்தது. அக்காயங்களை மருத்துவமனையிற் கண்டு வருந்திய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதிற் கவிழாத, கவிழ்ந்தாலும் உருளாத விளக்கு ஒன்றை ஆக்கினார். அது குட்டையானது, கனமானது, இரு பக்கம் தட்டையானது. திருகு மூடி கொண்டது. 1998-இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பெரிய இயந்திரம் வேண்டியிருக்கவில்லை. ஏழையின் காயத்தைப் பார்த்துச் சிந்திக்கும் ஓர் உள்ளமே வேண்டியிருந்தது. மின்சாரம் வந்துவிட்ட இக்காலத்திலும், வயல்வாடியிலும் மின்வெட்டு இரவிலும் விளக்கு எரியும் இடத்தில் அப்பாடம் பொருந்தும்.

அதற்கு மாறான பாடம் 2021-ஆம் ஆண்டின் இறுதியிற் கிடைத்தது. நாடெங்கும் நூற்றுக்கணக்கான வீடுகளிற் சமையல் வாயு தொடர்பான வெடிப்புகளும் தீயும் நேர்ந்தன. சனாதிபதி நியமித்த நிபுணர் குழு, சிலிண்டரில் அடைக்கப்பட்ட வாயுக் கலவை மாற்றப்பட்டமையைச் சுட்டிக் காட்டியது. குசினியில் நின்ற பெண்ணுக்கு அம்மாற்றத்தை எவர் அறிவித்தார்? எவரும் இல்லை. அடுத்த ஆண்டு எரிபொருட் பஞ்சம் வந்தது. மக்கள் பெற்றோலை வீட்டிற் சேர்த்து வைத்தனர். அதனாலும் தீ விபத்துகள் நேர்ந்தன. வாயுவின் மணம் வீசினால் மின் ஆளி எதையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். சிலிண்டரின் வாயிலை மூடி, கதவு யன்னல்களைத் திறந்து, வெளியேறுங்கள். அவ்வாயு காற்றினும் கனமானது; நிலத்தில் தேங்கி நிற்கும். எரிபொருட் கலனும் யானை வெடியும் உறங்கும் வீட்டினுள் வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டாத, பூட்டிய, தனித்த கொட்டிலில் இருக்கட்டும். எரியும் வீட்டில் யானை வெடி இருந்தால் உதவிக்கு வரும் அயலவனும் பலியாவான்.

தீக்காயத்துக்கு முதல் மருந்து தண்ணீர். ஓடும் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் காயத்தின் மேல் விடுங்கள். கிணற்று நீரை வாளி வாளியாக மெல்ல ஊற்றினாலும் பயன் உண்டு. பற்பசை, தேங்காயெண்ணெய், முட்டை, பனிக்கட்டி ஒன்றும் பூச வேண்டாம். மோதிரம், காப்பு முதலியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிடுங்காதீர்கள். தூய துணியால் மெல்ல மூடி, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச நோயாளர் வண்டியை வரவழையுங்கள். புகையைச் சுவாசித்தவன், காயம் இல்லை, நலமாக இருக்கிறேன் என்று சொன்னாலும், குரல் கம்மியிருந்தாலோ இருமினாலோ வைத்தியசாலைக்கு அவனைக் கொண்டு செல்லத் தாமதிக்காதீர்கள்.

அயலவர் செய்யவேண்டியது வேறு. எரியும் வீட்டினுள் புகுவது அன்று, தீ அடுத்த வீட்டுக்குத் தாவாது தடுப்பதே அவர்கள் பணி. காற்றின் கீழ்த்திசையில் உள்ள கூரைகளை நனையுங்கள், இடையில் உள்ள கிடுகு வேலியை வெட்டி இழுத்து அகற்றுங்கள், வைக்கோலை அப்புறப்படுத்துங்கள். ஒரே கூரையின் கீழ் அடுக்கடுக்காக அமைந்த மலையகத்து லயன்களில் ஓர் அறையிற் பிடித்த தீ முழு லயனையும் கொண்டு போவதை நாம் மீண்டும் மீண்டும் காண்கிறோம். அங்கே தனி வீடு கேட்கும் மக்களின் குரலும் தீயிலிருந்து தப்பக் கேட்கும் குரலே.

இறுதியாக, எவரிடம் எதைக் கேட்கிறோம் என்பதைச் சொல்லி முடிப்போம். ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் கமக்காரர் கூட்டம் கூடி, நீர் திறக்கும் நாளையும் விதைக்கும் நாளையும் தீர்மானிக்கிறது. வட்டவிதானைமாரும் கமக்காரர் அமைப்புகளும் அக்கூட்டத்தில் அரைமணி நேரத்தைத் தீக்கு ஒதுக்கட்டும். எவ்வீட்டில் நடக்க இயலாத முதியவர் உளர், எக்கிணறு கோடையிலும் வற்றாது, எவரிடம் நீளக் கயிறும் ஏணியும் உள்ளன, எவர் அழைப்பெடுப்பது என்பன அங்கே முடிவாகட்டும். தீயணைப்புப் பிரிவின் இலக்கமும், பொலிசின் 119-உம், நோயாளர் வண்டியின் 1990-உம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதப்படட்டும்.

உள்ளூராட்சி மன்றங்களிடம் நாம் கேட்பது, கிராமத்தை எட்டக்கூடிய சிறு தீயணைப்பு வண்டி. அண்டை மன்றங்கள் கூடிப் பொறுப்பெடுத்தால் அது எட்டாக்கனி அன்று. சொறிக்கல்முனைத் தமிழனின் கூரைக்கும் சம்மாந்துறை முஸ்லிமின் கூரைக்கும் தீ வேறுபாடு பாராது. வண்டி வாங்குவதில் நாம் ஏன் பார்க்க வேண்டும்? அரசினரிடம் நாம் கேட்பவை மூன்று. தீயில் பத்திரம் இழந்தவருக்கு உறுதியின் பிரதி, அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை ஆகியவை கட்டணமின்றி, குறித்த நாட்களுக்குள் வழங்கப்படல் வேண்டும். அவசர அழைப்பை எந்நேரமும் தமிழிற் கேட்டுத் தமிழில் விடை தரும் ஒருவர் மறுமுனையில் இருத்தல் வேண்டும். 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது ஏட்டில் இருப்பதற்கன்று. கிட்டங்கி வழி எம்மாரியிலும் அறாதிருத்தல் வேண்டும்.

வருமுன் காவாதவன் வாழ்வை நெருப்பின் முன் நிற்கும் வைக்கோற் போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். வைக்கோலை அறிந்த கமக்காரனுக்கு அவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. அரசு செய்யவேண்டியதை அரசிடம் கேட்போம்; கேட்டுக் கொண்டே இருப்போம். நாம் செய்யவேண்டியதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இன்றிரவு உறங்குமுன் சாவியைக் கதவருகே மாட்டுங்கள். கலனை வீட்டுக்கு வெளியே வையுங்கள். உறுதியைப் படியெடுங்கள். பிள்ளைகளுக்கு மாமரத்தடியைக் காட்டுங்கள். தீ வந்தால் எல்லாவற்றையும் விட்டு அங்கே வந்து நில்லுங்கள். மண்ணை உரிமை கொண்டாட மனிதர் இருந்தால், கடிதத்தை நாளை கேட்டுப் பெறலாம்.